வரிப்பூனை கத்திய நாட்கள்

எங்கள் வீட்டு நடப்பை வெளியே பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஆக்யாப் ஊரில் இன்றைக்கும் சிலர், யாஸ்மிராத் மருமகளைத் துரத்தப் பார்த்தான், அவள் மாமனார் மேல் மண்வெட்டி ஓங்கினாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். யாஸ்மிராத் என் தம்பி. அவன் வீடும் என் வீடும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே இருக்கின்றன. மண்வெட்டியை ஓங்கியது யார், பிடித்தது யார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அது மே மாதம். மலையில் பனி உருகி ஆமு நதி சேற்று நிறத்தில் பெருகி, கால்வாய்களெல்லாம் கரை தொட்டு ஓடிய சமயம். பட்டுப்புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டுத் தின்னத் தொடங்குவதும் அப்போதுதான். ஏப்ரலில் கூட்டுப்பண்ணையிலிருந்து ஒரு கைக்குட்டையில் அடங்கும் அளவு புழு கொடுப்பார்கள். மே பாதியில் அது வீட்டையே கேட்கும். சுவருக்குச் சுவர் கம்பு கட்டி, நாணல் பாய் விரித்து, தெற்கிலிருந்து வடக்காக வரிசையாக நாலு அடுக்கில் புழுவை ஏற்றிவிட்டு, மனிதர்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை தழை. மல்பெரிக் கிளையை வெட்டி, சுமந்து வந்து, தூசி உதறி, கடைசி அடுக்கில் பரப்பி முடிக்கும்போது முதல் அடுக்கில் குச்சிதான் மிஞ்சியிருக்கும். உள்ளே போய் நின்றால் கூரையில் மழை பெய்வதுபோல் கேட்கும். புழு தின்கிற சத்தம் அது. வெளியே பாலைக்காற்று முகத்தைச் சுடும். உள்ளே மழை கேட்கும். இரண்டுக்கும் நடுவில் நடந்து நடந்து எங்கள் முழங்கால்கள் தேய்ந்துபோகும்.

புழுவுக்கு ஆகாதவை நிறைய. வெங்காய வாசம், புகையிலை, இடி, சண்டை, அந்நியர் கண். அதனால் புழு வீட்டுக்குள் யாரும் உரக்கப் பேசமாட்டோம். எலியும் ஆகாது என்பதால் பூனைக்கு மட்டும் உள்ளே இடம் உண்டு.

தம்பி வீட்டுப் பூனை சாம்பல் நிறம், உடம்பு முழுக்க வரி. மருமகள் மாரல் கல்யாணமாகி வந்த மாதத்தில் அதுவும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஏப்ரலில் மூன்று குட்டி போட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் மருமகள் தலைத்துணியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்வாள். மாமனார் முன்பும், மாமனாருக்கு மூத்தவர்கள் முன்பும் முகத்தையும் காட்டமாட்டாள், குரலையும் காட்டமாட்டாள். அவரவர் தம் பங்குக்கு ஆடு அறுத்து, சால்வை போட்டு, "பேசு" என்று சொல்லும் நாள்வரை அப்படித்தான். பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்ததும் அறுத்துவிடுவார்கள். மாரல் வந்து மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை, ஆடும் அறுபடவில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மருமகள் சொல்ல வேண்டியதைப் பிள்ளை ஓடிவந்து சொல்லும். இங்கே அதுவும் இல்லை. மாமியார் ஓகுல்கெரெக்கின் காதில் மட்டும் முணுமுணுப்பாள். ஓகுல்கெரெக் அதை முற்றம் முழுக்கக் கேட்கச் சொல்வாள்.

ஒரு சாயங்காலம் நாங்கள் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பூனை வாசலில் நின்று கத்தியது. எலும்பு ஒன்றை எடுத்து வீசினேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூத்தவரே, மருமக சொல்றா, அது திங்கக் கேட்கலையாம். கதவைத் திறக்கச் சொல்லுதாம்" என்றாள் ஓகுல்கெரெக்.

"பூனைக்குக் கத்தத் தெரியும். கேட்கவுமா தெரியும்?"

"தெரியுமாம். பாலுன்னா இழுத்துக் கத்துமாம். கதவுன்னா வெட்டி வெட்டிக் கத்துமாம். குருவியைக் கண்டா பல்லு தந்தியடிக்குமாம். குட்டியைக் கூப்பிடணும்னா வாயையே திறக்காதாம், தொண்டைக்குள்ளயே உருட்டுமாம்."

யாஸ்மிராத் சூப்பை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "முப்பது வருஷமா என் பொண்டாட்டி கத்துறதுல எது பாலு, எது கதவுன்னு எனக்குப் புரியல. இதுல பூனை வேற."

"உங்களுக்கு எதுதான் புரிஞ்சுது? இன்னொண்ணு சொல்றா கேளுங்க. பூனைங்க தங்களுக்குள்ள மியாவ்னு பேசிக்கிறதே இல்லையாம். அடுத்த வீட்டுக் கடுவன் வந்தா சீறும், உறுமும், அவ்வளவுதான். அந்த மியாவ் மனுசங்களுக்குன்னே வச்சிருக்கிற பேச்சாம். அதுவும் வீட்டுக்கு வீடு வேறயாம். அடுத்த வீட்டுப் பூனை பேசினா இவளுக்கே புரியாதாம். நம்ம பூனை நம்மளுக்குத்தான் புரியுமாம்."

"எனக்குப் புரியலையே" என்றேன்.

"காது குடுத்தாத்தானே புரியும், மூத்தவரே!"

ரொட்டி அடுப்புப் பக்கம் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மாரலின் தோள் குலுங்கியது. சிரித்தாளோ இருமினாளோ, முதுகைப் பார்த்து என்ன கண்டோம். யாஸ்மிராத் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டான். பூனை உள்ளே போய்விட்டது.

அதற்கு நாலாம் நாள் ஓகுல்கெரெக் ஈரத் தழையைச் சுமந்து சுமந்து காய்ச்சலில் விழுந்தாள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, மூன்று வாரம் ஆகும் என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். மகன் சபர் பாலைவனத்துக்குள் பெரிய கால்வாயில் தூர்வாரும் இயந்திரத்தில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவான். என் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஆக அந்த முற்றத்தில் மிஞ்சியது இரண்டு கிழவர்கள், ஒரு மருமகள், வீடு நிறையப் புழு. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த வாய் ஆஸ்பத்திரியில் கிடந்தது.

யாஸ்மிராத் தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தான். மருமகளிடம் நேராகப் பேசக் கூசி, பூனையைப் பார்த்துப் பேசுவான்.

"ஏ பூனை, தெற்கு அடுக்குக்குத் தழை காணாதுபோல இருக்கே."

கொஞ்ச நேரத்தில் தெற்கு அடுக்கில் தழை விழும்.

"பூனை, அண்ணன் காலையிலிருந்து தொண்டை காஞ்சு உக்காந்திருக்கார்."

பச்சைத் தேநீர் கெண்டியோடு வந்து எங்கள் முன் விரித்த துணிமேல் இருக்கும். வைத்த கை மறைந்திருக்கும். இங்கிருந்து சொல்வது போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து எதுவும் திரும்பி வர வழியில்லை. அதை ஒரு குறையாக நாங்கள் அப்போது நினைக்கவில்லை. மருமகளிடமிருந்து வர வேண்டியது வேலைதானே, வார்த்தை எதற்கு என்று இருந்தோம்.

அந்த வாரம் ஊருக்கு வடக்கே கால்வாய்க் கரை உடைந்தது. நாணல் காடு முழுக்கத் தண்ணீர். ஆண்கள் எல்லாரும் மண் மூட்டை தூக்கப் போனோம். இடுப்பளவு சேற்றில் நின்றுவிட்டு நானும் தம்பியும் திரும்பி வந்தபோது பூனை அலறிக்கொண்டிருந்தது.

அது நான் அதுவரை கேட்காத குரல். பாலுக்கு இழுப்பதும் இல்லை, கதவுக்கு வெட்டுவதும் இல்லை. துணியைக் குறுக்கே கிழிப்பதுபோல ஒரு அலறல். வடக்குச் சுவர்ப் பக்கம், கடைசி அடுக்குக்குக் கீழே நின்று அலறியது. ஒவ்வொரு அலறலுக்கும் புழுக்கள் தலையைத் தூக்கின. மழைச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மெல்ல மெல்லத் தொடங்கியது. மறுநாள் விடிந்ததிலிருந்தும் அதேதான்.

"கடுவன் கேட்குது அண்ணே" என்றான் யாஸ்மிராத்.

"குட்டிக்கு ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ளயா?"

"பூனைக்கு ஏது வெட்கம்?" அவன் வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தான். "அதைவிட ஒண்ணு சொல்லணும். வடக்கு அடுக்குல புழு குறையுது."

"குறையுறதாவது."

"முந்தாநாள் அங்க தழையே கண்ணுக்குத் தெரியல, அவ்வளவு புழு. இன்னிக்குத் தழை தெரியுது."

"நோயா?"

"நோய்னா கறுத்துச் செத்துக் கிடக்கணும். ஒண்ணும் இல்ல. துடைச்சு எடுத்த மாதிரி இருக்கு."

"எலி?"

"எலி பாதியைத் தின்னு பாதியைச் சிந்துமே. சிந்தல் எங்க?"

எங்களுக்கு எலி என்றால் சுண்டெலிதான். நான் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். என் கண்முன்னாலேயே பூனை இன்னொரு முறை அலற, புழுக்கள் விறைத்துத் தலை தூக்கின. எனக்கு விஷயம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். சத்தத்துக்கு வெருண்ட புழு அடுக்கைவிட்டு இறங்கிச் சந்துபொந்தில் போய்ச் சாகிறது. என் அப்பா காலத்தில் இடி இடித்த வருஷம் அப்படித்தான் ஆனது.

"பூனையைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடு" என்றேன். "தண்ணி தாண்டின பூனை திரும்பாது."

"குட்டி இருக்கே அண்ணே."

"புழு பெரிசா, குட்டி பெரிசா?"

மாரல் வாசலில் தழைக் கட்டோடு நின்றிருந்தாள். கட்டை இறக்கிவிட்டு, கையை நீட்டி வடக்குச் சுவரைக் காட்டினாள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மருமகள் கையை உற்றுப் பார்ப்பது முறையில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தம்பியும் திருப்பிக்கொண்டான்.

சாக்கில் போட்டுக் கட்டியபோது பூனை அலறவில்லை. வெட்டி வெட்டிக் கத்தியது. தம்பி அதைத் தோளில் போட்டுக்கொண்டு மதகு வரைக்கும் போகிறபோதும் அந்தக் கத்தல் கேட்டது.

பிறகு வீடு அமைதியானது. குட்டிகள் மட்டும் ஊசி மாதிரிக் கீச்சிட்டன. மாரல் கந்தலை ஆட்டுப்பாலில் நனைத்து ஒவ்வொன்றின் வாயிலும் பிழிந்தாள். ஆறு தடவைத் தழைக்கு நடுவில் இந்த வேலையும் சேர்ந்துகொண்டது. புழு குறைவது மட்டும் நிற்கவில்லை. அமைதியான வீட்டிலிருந்து இன்னும் வேகமாகக் குறைந்தது. இரண்டாம் நாள் வடக்கு அடுக்கில் பாயின் நாணல் தெரிந்தது.

அன்றைக்குத்தான் பண்ணையின் புழு மேற்பார்வைக்காரி குல்ஷாத் வாசலுக்கு வந்தாள். நான் கதவை மறித்து நின்றேன்.

"அல்லாபெர்தி ஐயா, வழி விடுங்க. புழு பார்க்கணும்."

"நல்லாயிருக்கு. பார்க்க வேண்டியதில்ல."

"நான் புழுவைப் பார்க்கலைன்னா தலைவர் என்னைப் பார்ப்பார்."

"கண்ணுபடும்."

"என் கண்ணு ஊர்ல எல்லார் வீட்டுப் புழுவையும் பார்க்குது. உங்க புழு மட்டும் என்ன, பாதுஷா மகளா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, தெருவுல பேசிக்கிறாங்க. பிள்ளையில்லாதவ கை பட்ட புழு கூடு கட்டாதாம். நான் நம்பலை. ஆனா நீங்க கதவை அடைச்சா நான் போய் என்ன சொல்றது?"

"எங்க வீட்டுப் புழு நல்லாயிருக்குன்னு சொல்லு."

அப்போது மாரல் தலையில் மல்பெரிச் சுமையோடு வந்தாள். குல்ஷாத் பெண், அவளிடம் பேச மாரலுக்குத் தடை எதுவும் இல்லை. அடுப்பு மறைவுக்குக் கூட்டிப்போய் இரண்டு வார்த்தை முணுமுணுத்திருக்கலாம்.

"எப்படியிருக்கேடி மாரல்? மாமியார் இல்லாம இளைச்சுட்டியே" என்றாள் குல்ஷாத்.

மாரல் தலையை மட்டும் அசைத்தாள். சுமையோடு உள்ளே போய்விட்டாள்.

"பெரிய வீட்டுக் கதவும் பேசாது, மனுசரும் பேசமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் குல்ஷாத் போனாள்.

அவள் சொன்ன தெருப்பேச்சு என் நெஞ்சில் முள்ளாக நின்றது. நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. களைப்பில் கிடக்கிறவன் மனதில் எந்தப் பேச்சும் வேர்விடும்.

மறுநாள் காலைத் தேநீர் வந்தது. துணியில் சூடான ரொட்டி, காய்ந்த சர்க்கரை பாதாமிப்பழம், கெண்டி, இரண்டு கிண்ணம். ரொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்த மூன்றாவது கிண்ணம் ஒன்று. யாஸ்மிராத் அதை நிமிர்த்தினான். கீழே சிறு தட்டில் கறுப்பாக, நீளமாக, ஏழெட்டு எலிப் புழுக்கைகள்.

அவன் ரொட்டியைச் சட்டென்று தள்ளி வைத்தான். எங்கள் ஊரில் ரொட்டியின் பக்கத்தில் செருப்பைக்கூட வைப்பதில்லை.

"அண்ணே, இது என்ன?"

"என்னன்னு கண்ணு தெரியலையா? பூனையைக் கொண்டுபோய் விட்டதுக்குப் பதில் மரியாதை."

"மாரல் அப்படிப்பட்ட பொண்ணு இல்லையே."

"அப்போ நான் கொண்டுவந்து வச்சேனா?"

அது எங்கிருந்து வந்தது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கே வைக்கப்பட்டது என்பதுதான் கண்ணில் நின்றது. நான் ரொட்டியைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

"அவங்கப்பா வீட்டுக்கு அனுப்பிடு" என்றேன். "புழு கூடு கட்டி முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம்னா? பிள்ளையில்லாத பொண்ணை நடு வேலையில திருப்பி அனுப்பினா, அப்புறம்னு ஒண்ணு இருக்கா? அவங்கப்பன் திருப்பி விடுவானா? சபர் வந்து கேட்டா என்ன சொல்றது?"

"சபர் நம்ம பிள்ளை. நாம சொல்றதைக் கேட்பான்."

"ஓகுல்கெரெக் கேட்கமாட்டா."

"அவ ஆஸ்பத்திரியில இருக்கா."

யாஸ்மிராத் தட்டின்மேல் கிண்ணத்தை மறுபடி கவிழ்த்தான். பிறகு சோர்ந்த குரலில் கேட்டான்: "ரெண்டு கிழவனும் ஆறு தடவைத் தழையை எப்படி அண்ணே போடுறது?"

"போடுவோம்."

நான் தெருவுக்குப் போய் டிராக்டர் வண்டிக்கார நசரிடம், நாளை நடுப்பகலில் வா, மருமகளை அவள் ஊரில் விட வேண்டும் என்று சொல்லி வந்தேன். முற்றத்துக்குத் திரும்பியபோது மாரல் அடுப்பின் உள்சுவரில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். மாவு பிசைந்த கை நிற்கவில்லை. மூன்று நாளைக்கு வருகிற அளவு ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி வைத்தாள்.

மறுநாள் விடியலில் தழை போட்டாள். வெயில் ஏறியதும் இன்னொரு தரம். தன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தாள். மூன்று குட்டிகளையும் ஒரு கூடையில் போட்டு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். வண்டி வரக் கொஞ்ச நேரம் இருந்தது. மற்றவளாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு, இன்னொரு சுமை வெட்டக் கால்வாய்க் கரைக்குப் போனாள்.

நானும் தம்பியும் புழு வீட்டுக்குள் நின்றிருந்தோம். அவன் மண்வெட்டியால் அடுக்குக்குக் கீழே கிடந்த கழிவை வாரிக்கொண்டிருந்தான். அப்போது பூனை உள்ளே வந்தது.

வயிறு ஒட்டி, ரோமம் சேற்றில் காய்ந்து முள்ளாக நின்றது. எங்களைப் பார்க்கவே இல்லை. தொண்டைக்குள் இரண்டு முறை உருட்டியது. வாசலிலிருந்த கூடைக்குள் குட்டிகள் கீச்சென்று பதில் கொடுத்தன. அது அந்தப் பக்கம் திரும்பியது, பாதியில் நின்றது. மூக்கைத் தூக்கியது. வடக்குச் சுவருக்குப் போய் அடுக்கின் கீழ் பதுங்கி, பழையபடி அலறியது. கூடை சட்டென்று அடங்கிவிட்டது. மூன்று குட்டியில் ஒன்றுகூடக் கீச்சிடவில்லை.

"திரும்பி வந்துட்டியா, சனியனே!" யாஸ்மிராத்துக்கு நாலு நாள் தூக்கமின்மை முழுவதும் தலைக்கேறிவிட்டது. மண்வெட்டியை ஓங்கினான்.

தழைக் கட்டு தரையில் விழுகிற சத்தம் கேட்டது. மாரல் ஓடிவந்து மண்வெட்டியின் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு முழம் காம்பு. அவள் முகம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. மூன்று வருஷத்தில் முதல் முறையாக அதைப் பார்த்தேன். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, உதட்டில் வெடிப்பு. தலைத்துணியின் ஓரம் மட்டும் பல்லுக்கு நடுவில் அப்படியே இருந்தது. அந்த நேரத்திலும் அவள் அதை விடவில்லை.

"யாஸ்மிராத்" என்றேன். "அவளைப் பேசச் சொல்லு."

"ஆடு இல்லாமலா?"

"சொல்லுடா. நீ வாயைத் திறந்தாத்தான் அவ திறக்க முடியும்."

அவன் மூச்சிரைத்தான். காம்பை விடவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். வழுக்கைத் தலையில் வியர்வை.

"பேசும்மா" என்றான். "ஆட்டை அப்புறம் அறுத்துக்கலாம். பேசு."

மாரல் பல்லிலிருந்து துணியை எடுத்தாள். அந்த ஓரம் நைந்து ஓட்டை விழுந்திருந்தது. வாயைத் திறந்தும் முதலில் சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. கரகரத்த, தாழ்ந்த குரல்.

"மண்வெட்டியை என்கிட்ட விடுங்க மாமா. அந்தப் பாயைத் தூக்குங்க. கீழ சுவர்ல ஓட்டை இருக்கு. எலி."

"எலியா? சிந்தலே இல்லையே."

"சுண்டெலி இல்ல. நாணல் காட்டு எலி. அது சிந்தாது, முழுசா இழுத்துட்டுப் போகும். கரை உடைஞ்ச அன்னிக்குத் தண்ணிக்குப் பயந்து வந்திருக்கு."

"நீ பார்த்தியா?"

"பார்க்கலை. பூனை சொல்லிச்சு." அவள் பேசிக்கொண்டே மண்வெட்டியோடு சுவரோரம் குனிந்தாள். "சின்ன எலி பிடிச்சா தொண்டையில உருட்டிக் கூப்பிடும், குட்டிங்க ஓடி வரும். பெரிசுன்னா இப்படி அலறும். கிட்ட வராதீங்க, கடிக்கும்னு குட்டிங்களுக்குச் சொல்றது. இப்பக்கூடப் பாருங்க, கூடையில மூச்சு விடுதா? அப்புறம் அந்த ஓட்டை வாயிலதான் புழுக்கை கிடந்துச்சு."

அந்தக் கடைசி வார்த்தையில் யாஸ்மிராத் என்னைப் பார்த்தான். நான் பாயைத் தூக்கினேன்.

அவள் கொத்தியதும் சுவரின் அடிமண் பொதபொதவென்று பெயர்ந்தது. உள்ளே ஒரு முழ ஆழத்துக்குப் பொந்து. அதில் இரண்டு கை கொள்ளாத அளவு புழு, கடித்ததும் கடிக்காததுமாகக் குவிந்து கிடந்தது. மாரல் இன்னொரு கொத்து கொத்தியதும் பழுப்பாக ஒன்று பாய்ந்தது. பூனையின் பாதி இருக்கும். இரண்டும் உருண்டன. பூனை இப்போது அலறவில்லை, உறுமியது. அடுக்குக் கம்பு ஆடியது. பூனையின் காது கிழிந்தது. கடைசியில் எலியின் பிடரி அதன் வாயில் இருந்தது. இன்னொரு எலி வாசல் பக்கம் ஓடியது. அதை யாஸ்மிராத் தழைக் கட்டால் அமுக்கி மிதித்தான்.

நாங்கள் மூன்று பேரும் மூச்சு வாங்கி நின்றோம். புழுக்கள் தலையைத் தாழ்த்தின. மழைச் சத்தம் மறுபடி தொடங்கியது.

"ஏம்மா, முன்னாடியே..." என்று ஆரம்பித்த யாஸ்மிராத் தானே நிறுத்திக்கொண்டான்.

"பூனை ரெண்டு நாள் சொல்லிச்சு மாமா. மூணாவதா நான் தட்டுல வச்சுச் சொன்னேன்."

"குல்ஷாத் வந்தாளே. அவகிட்டயாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே."

மாரல் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"வீட்டுக் குறையைத் தெருவுல போயா மாமா சொல்றது?"

குடும்ப மானத்தைக் காப்பது என் வேலை என்று எழுபது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த நேரத்தில் எனக்குப் பார்ப்பதற்குப் புழுவைத் தவிர வேறு இடம் இல்லை. புழுவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே டிராக்டர் வந்து நின்றது. நசர் முற்றத்துக் கதவிலிருந்து கூப்பிட்டான்.

"பெரியவரே! மூட்டையை ஏத்தலாமா? வெயில் ஏறுது."

மாரல் தன் மூட்டையைப் பார்த்தாள்.

"நான் போகணுமா மாமா?" என்று கேட்டாள். அழாமல், இன்னும் எத்தனை அடுக்குக்குத் தழை போட வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

யாஸ்மிராத் என் முகத்தைப் பார்த்தான். அனுப்பச் சொன்னவன் நான். நான்தான் வெளியே போனேன்.

"மூட்டை இல்ல நசர். வண்டியைக் கால்வாய்க் கரைக்கு விடு. தழை ஏத்தணும்."

"மருமகளை ஊர்ல விடணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இன்னிக்கு மாத்திச் சொல்றேன்."

நசர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். "நீங்க மாத்திச் சொல்லி நான் பார்த்ததில்லையே பெரியவரே."

"இப்பப் பார்த்துக்கிட்டேல்ல? வண்டியைத் திருப்பு."

தெருவுக்கு அந்தப் பக்கத்து வீட்டு மதில்மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. தெரியட்டும் என்று விட்டேன்.

யாஸ்மிராத் மூட்டையை எடுத்து வீட்டுக்குள் வைத்தான். வண்டியில் ஏறிப் பலகையில் உட்கார்ந்தான். மாரல் அரிவாளோடு வந்தாள். அவள் முற்றத்தைக் கடந்து வரும்போதே இருவரும் பேசிக்கொண்டார்கள். எந்த மரத்தில் தழை மிச்சமிருக்கிறது, தெற்கே போகலாமா, வடக்கே சேறு காய்ந்திருக்குமா என்ற பேச்சு. கதவருகே நான் நின்றிருந்தேன். என்னைக் கண்டதும் அவள் பேச்சு நின்றது. தலைத்துணியின் ஓரத்தை எடுத்து, அந்த நைந்த இடத்திலேயே கடித்துக்கொண்டாள். தம்பி விடுவித்தது தம்பிக்கு மட்டும்தான். மாமனாரின் மூத்தவனுக்கு அவள் இன்னும் பேசாத மருமகள். முறை அதுதான். முறை தவறாமல் என்னைக் கடந்துபோனாள். நான் கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டேன்.

வண்டி தூசியில் மறைந்தது.

தழை போட ஆள் இல்லை. அவள் கீழே போட்ட கட்டைப் பிரித்து நானே பரப்பத் தொடங்கினேன். பெண்கள் வேலை என்று நான் அதுவரை தொடாத வேலை அது. கிளையைத் தலைமாற்றித் தலைமாற்றி வைக்க வேண்டும். எனக்கு முதல் அடுக்கிலேயே கை வலித்தது. வடக்கு அடுக்கு போனது போனதுதான். மற்றவை பிழைத்துவிடும் என்று பட்டது.

பூனை குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து என் காலருகே உட்கார்ந்தது. கிழிந்த காதில் ரத்தம் உறைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து ஒருமுறை கத்தியது. நான் ஆட்டுப்பால் வைத்தேன், குடிக்கவில்லை. கதவைத் திறந்தேன், போகவில்லை. மறுபடியும் என்னைப் பார்த்து அதே மாதிரிக் கத்தியது.

கேட்டுச் சொல்லக்கூடியவள் வண்டியில் போயிருந்தாள். திரும்பி வந்தாலும் எனக்குச் சொல்லமாட்டாள்.

மிச்ச மூன்று அடுக்குக்கும் தழை போட்டு முடித்தேன். கையைக் கழுவிக்கொண்டு, எந்த ஆடு கொழுத்திருக்கிறது என்று பார்க்கப் பட்டிக்குப் போனேன்.